கல்லூரி மணியும் எட்டேகால் பஸ்ஸும்

மே 14, புதன்

கத்திரி வெயில். வரலாற்றில் இடம்பெறத் தக்க நாள்.

சேர்க்கை அறையின் சுவர்க்கடிகாரத்தைத் தெற்குச் சுவரிலிருந்து வடக்குச் சுவருக்கு மாற்றுவது என்று சேர்க்கைக் குழு இன்று ஏகமனதாகத் தீர்மானித்தது. தலைமை: கல்லூரிச் சேர்மன் (மை சிக்கனம் கருதி இனி சே.). முன்னிலை: பிரின்சிபால். துறைத் தலைவர்கள் அனைவரும் ஆஜர். விவாதம் முற்பகல் முழுவதும். தெற்கு எமன் திசை, அதனால்தான் அட்மிஷன் விழவில்லை என்று சே. கண்டுபிடித்தார். இயற்பியல் துறைத் தலைவர் வழிமொழிந்தார்.

ஆணி அடித்ததில் வடக்குச் சுவரில் பூச்சு பெயர்ந்தது. தீர்மானத்தில் அது இல்லை.

விளைவு: பெற்றோர் உட்காரும் சோபாவுக்கு நேர் பின்னால் கடிகாரம். இனி அவர்களுக்கு நேரம் தெரியாது. எதிரே உட்காரும் எனக்கு மட்டும் நாள் முழுக்கத் தெரியும்.

எனக்கு வேலை வரலாறு கற்பிப்பது. ஏப்ரல் பரீட்சை முடிந்ததும் சேர்க்கை ஒருங்கிணைப்பாளர். மற்ற பேராசிரியர்களோடு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடிப்பது. ஆளுக்கொரு டார்கெட். எட்டாவிட்டால் மே மாதச் சம்பளம் ‘பரிசீலனையில்’. எனக்கு இன்னும் ஒரு பிள்ளை குறைகிறது.

வாங்க வேண்டியவை: குடை, குளுக்கோஸ், பல்பொடி.

மே 16, வெள்ளி

கந்தர்வக்கோட்டைக்கு உள்ளே, முந்திரிக்காடு தாண்டி ஒரு ஊர். உடன் வணிகவியல் ஜெயராணி. வண்டி அவருடையது. நான் பின்னால், மடியில் பிராஸ்பெக்டஸ் கட்டோடு.

ஒரு வாசலில் நாய். ஜெ.: “சார், ஆம்பளை நீங்க முன்னாடி போங்க.”

“நான் வரலாறும்மா. எல்லாம் முடிஞ்சப்புறம் வந்து பாக்கறதுதான் எங்க வேலை.”

ஜெ. சிரிக்கவில்லை. நாயும்.

வீட்டில் அம்மா, பெயர் முத்துலெட்சுமி. முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். கொட்டை எண்ணெயில் விரல் பத்தும் கறுத்திருந்தன. பிராஸ்பெக்டஸில் கறை படும் என்று தான் தொடாமல் மகளை வாங்கச் சொன்னார். மகள் அபிநயா. பிளஸ் டூவில் கணக்கில் பிரமாதமான மார்க். பி.எஸ்சி. கணிதம்தான் வேண்டுமாம். எங்கள் கணிதத் துறையில் மாணவர்களைவிட ஆசிரியர்கள் அதிகம் இருந்த செமஸ்டர் உண்டு. பாதி பெஞ்சு காலி. நானே மாலை போட்டு அழைத்துவந்திருப்பேன்.

வழக்கமாகப் பெற்றோர் கேட்பவை: பீஸ் எவ்வளவு, போன் விடுவீங்களா, பையன்களுக்குத் தனி வரிசையா. இந்த அம்மா கேட்டது:

“மணி எத்தனைக்குங்க அடிப்பீங்க?”

இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை. எட்டே முக்கால் என்றேன். அம்மாவும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“எங்க ஊருக்குள்ள மொத பஸ்ஸே எட்டேகாலுக்குத்தாங்க வருது. கோட்டையில எறங்கி மாறி ஒங்க வாசலுக்கு வர ஒம்பது பத்து ஆயிரும்.”

கல்லூரி பஸ் மெயின்ரோட்டோடு சரி. ரோட்டுக்கு வரக் காட்டுவழி, ஆள் நடமாட்டம் கிடையாது. டவுன் கல்லூரிகள் எங்கள் வாசலைத் தாண்டி இன்னும் தூரம். அங்கிருந்து திரும்புவதற்குள் ஊருக்குள் வரும் கடைசி பஸ் போய்விடும். ஆக, நாங்கள்தான். நாங்கள் மட்டும்தான்.

அபிநயா: “ஒரு நாளைக்கு அஞ்சு பீரியட்தான சார்? மொதப் பீரியட் போனாலும் எம்பது சதவீதம் நிக்கும். பரீட்சை எழுத எழுபத்தஞ்சு போதும்ல? காய்ச்சலுக்குன்னு அஞ்சு சதவீதம் மிச்சமும் இருக்கு.”

கணக்கு சரி. ஆனால் கேட்டை எட்டு ஐம்பதுக்குச் சாத்தினால் மதியம்தான் திறப்போம். சே.யின் ஒழுக்கத் திட்டம். அதைச் சொன்னேன். சதவீதம் எல்லாவற்றையும் அந்தப் பெண் திரும்ப விழுங்கிக்கொண்டது.

அம்மா: “முந்திரிக் கம்பெனி வேன் இருக்குல்ல, அது வாசலுக்கே வருதுங்க. ஜூன் ரெண்டாந் தேதிக்குள்ள ஆள் சொல்லணும்னு ஏஜெண்டு சொல்லிட்டுப் போயிருக்காரு. எனக்கு இவளைப் படிக்க வைக்கத்தான் ஆசை. என் வெரலு மாதிரி இவ வெரலும் ஆக வேணாம்னு பாக்குறேன். வழியிருந்தா சொல்லுங்க. வழியில்லாம வீட்டுல ஒக்கார வைக்கவும் முடியாது.”

திரும்பும் வழியில் ஜெ.: “அந்தப் புள்ள கணக்கு சரிதான சார்?”

“சரிதான்.”

“அப்பறம் என்ன?”

பதில் சொல்வதற்குள் ஆட்டு மந்தை வந்து காப்பாற்றியது.

மே 17, சனி

இணையவழிக் கருத்தரங்கு. தரக்குழுவுக்குச் சான்றிதழ் வேண்டும் என்பதால் கட்டாயம். தலைப்பு: மாணவர்களுக்குக் கல்லூரிக் கதவை இன்னும் அகலமாகத் திறக்க நிர்வாகத்தை இணங்கச் செய்வது எப்படி. என் நிலைமை எங்கோ ஏ.சி. அறையில் இருப்பவருக்குத் தெரிந்திருக்கிறது.

குறித்துக்கொண்டவை:

நிறுவனத்தின் லட்சியத்தோடு இணைத்துப் பேசுக.
புள்ளிவிவரம் காட்டுக. ஒரு மாணவரின் கதை சொல்க.
துணை சேர்க்க.
தலைமையின் மொழியில் பேசுக. (இதை மூன்று முறை சொன்னார். அடிக்கோடு.)

நடுவே கரண்ட் போய்விட்டது. சான்றிதழ் வந்துவிட்டது.

மே 19, திங்கள்

லட்சியத்தோடு இணைத்துப் பேசினேன். எங்கள் லட்சியம் முகப்புச் சுவரில் நீல பெயிண்டில் இருக்கிறது: கடைக்கோடி மாணவருக்கும் கல்வி. அதை மேற்கோள் காட்டி இரண்டு பக்கம். தலைப்பு: ‘மாணவர் அணுகல் விரிவாக்கம்: மணி மாற்றம் குறித்த முன்மொழிவு.’

சே.: “அணுகல்னா?”

“உள்ள வர்றதுக்கு வழி சார்.”

“கேட் பெருசாத்தான இருக்கு?”

“நேரம் சார். மணியை ஒம்பதே காலுக்கு மாத்துனா உள்ளூர்ப் பிள்ளைகள் வர முடியும். ஒரு பொண்ணு, கணக்குல...”

கதையைச் சொன்னேன். சதவீதக் கணக்கையும் சொன்னேன். சே. உருகித்தான் போனார். “ஆஹா, எப்பேர்ப்பட்ட புள்ள” என்றார். பிறகு:

“படிக்கணும்னு வெறி இருந்தா நடந்தாவது வருவா சார். நாங்கள்லாம் அப்படித்தான.”

சே.யின் தகப்பனாருக்கு அந்தக் காலத்திலேயே இரண்டு லாரி.

“பஸ்ஸுக்காகக் காலேஜா, காலேஜுக்காக பஸ்ஸா? எட்டே முக்கால்ங்கறது ஒழுக்கம் சார். அதுல கை வைக்கக் கூடாது. ஆமா, ஒங்க டார்கெட் என்னாச்சு?”

பிரின்சிபால் இதெல்லாம் முடியும்வரை தன் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும்: “உங்க முன்மொழிவு ரொம்ப நல்லா இருந்துச்சு சார். மூணாவது வரியில ஒரு ஒற்றுப்பிழை.”

மே 21, புதன்

துணை சேர்த்தேன். பஸ் இன்சார்ஜ் துரைராசு. எட்டே முக்காலுக்கு மணி வைத்த உண்மையான காரணம் இவர் பொறுப்பில்தான் ஓடுகிறது: எங்களை இறக்கிய பஸ்தான் போய் எங்கள் குழுமப் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும்.

“மாத்திப் போட்டா என்னங்க? ஸ்கூலை முன்னாடி, காலேஜைப் பின்னாடி?”

துரைராசு யோசித்தார். “போடலாம் சார். டீசல்கூட மிச்சந்தான். ஆனா நாஞ் சொன்னேன்னு சொல்லிராதீக.”

ஆக, முழு ஆதரவு. பெயர் மட்டும் கிடையாது.

மாலையில் சொந்த வேலை. திருச்சியில் ஒரு கல்லூரியில் வரலாற்றுக்கு ஆள் கேட்கிறார்கள். நேர்காணலுக்கு ஒரிஜினல் சான்றிதழ்களோடு வர வேண்டும். ஒரிஜினல்கள் நான் சேர்ந்த நாளிலிருந்து இங்கே ஆபீஸ் பீரோவில். எல்லாருடையவையும். சாவி சே.யிடம். கேட்டேன்.

“எதுக்கு சார்?”

“ஜெராக்ஸ் எடுக்கணும் சார்.”

“நீங்க எதுக்கு அலையிறீங்க? நம்ம ஆபீஸ்லயே எடுத்துத் தருவாங்க.”

எடுத்துத் தந்தார்கள். கலரில். இரண்டு செட்.

மே 23, வெள்ளி

மோர் புளித்துவிட்டது. தலைவலி.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் தேதி கிழிக்கும் காலண்டரைப் பார்த்தபடி சும்மா நின்றேன். கிழிக்காமல் மூன்று நாள் சேர்ந்திருந்தது. திங்கட்கிழமைத் தாள் வரை புரட்டினால், கீழே, பொடி எழுத்தில்: இராகு காலம் 7.30 முதல் 9 வரை.

எட்டே முக்கால் மணி.

கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து ஒவ்வொரு வாரமும் முதல் நாள் முதல் மணி அட்சரசுத்தமாக ராகு காலத்தில் அடிக்கப்பட்டு வந்திருக்கிறது. ராகு காலத்தில் கையெழுத்துக்கூடப் போடாத சே.யின் கல்லூரியில். காலை எட்டே முக்காலுக்குக் காப்பியோடு வீட்டில் இருப்பதால் அவர் காதில் அது விழுந்ததே இல்லை.

மனைவி: “என்னங்க, காலண்டரைப் பாத்துச் சிரிக்கிறீங்க?”

“தலைமையின் மொழி.”

“சாப்பிட வாங்க.”

மனச்சாட்சிக்கு ஒரு வார்த்தை. மூடநம்பிக்கை எதிர்ப்பு இயக்கங்கள் என்று ஐந்து மதிப்பெண் வினா ஒன்று நான்தான் பல வருடமாகக் கேட்டுவருகிறேன். மாணவர்கள் நன்றாகத்தான் எழுதுகிறார்கள்.

மே 26, திங்கள்

லேசான தூறல். நின்றுவிட்டது.

சே.யை எட்டரைக்கே வரச் சொல்லிவைத்தேன், காலண்டர் பார்க்க நேரமில்லாத அவசரம் என்று. எட்டே முக்காலுக்கு ஒத்திகை மணி அடிக்க அட்டெண்டரிடம் சொல்லியிருந்தேன். அடித்தது.

“சார், இன்னிக்கு என்ன கெழம?” என்றேன்.

“திங்க.”

“இப்ப என்ன நேரம் சார்?”

அவரே விரல்விட்டு எண்ணினார். முகம் மாறுவதைப் பார்த்தேன். லட்சியம், புள்ளிவிவரம், சதவீதம், ஒரு பெண்ணின் எதிர்காலம் எதற்கும் அசையாத முகம்.

“ஒவ்வொரு திங்களுமா சார்?”

“ஒவ்வொரு திங்களும்.”

“அதான் சார். அதான் அட்மிஷன் விழல. நான் கடிகாரத்தைப் போயி குத்தஞ் சொன்னேனே.”

ஒன்பது தாண்டியதும் ஜோசியருக்கு போன். ஸ்பீக்கரில். மறுமுனையில் சீரியல் சத்தம். ஜோசியர் பெருமூச்சு விட்டுவிட்டு, “இம்புட்டு நாள் தாங்குனதே பெரிசு” என்றார்.

சே. எழுந்தே நின்றார். “மணியை மாத்துறோம் சார். எட்டே முக்கால் இனி கெடையாது. ஒங்க பேப்பரைக் குடுங்க, அந்த அணுகல் பேப்பரு.”

ஜெ.யிடம் சொன்னேன். எழுத்தில் வரும்வரை யாருக்கும் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன்.

“அபிநயா அம்மாவுக்குப் போன் போட்டுட்டேன் சார்.”

“எப்ப?”

“நீங்க ‘மாத்துறோம்’ வரைக்கும் சொன்னப்பவே.”

என்னால் கோபப்பட முடியவில்லை. சாயங்காலம் இரண்டு மசால்வடை, என் செலவு.

மே 28, புதன்

எங்கள் வாசலில் ஒன்பது பத்துக்கு அபிநயா, அம்மாவோடு. அதே பஸ்தான். அம்மா கையில் துணிக்கடைப் பை, பைக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ். இம்முறையும் காகிதங்களை அவர் தொடவில்லை.

கணிதத் துறையில் முதல் சேர்க்கை. துறைத் தலைவர் எழுந்து வந்து கைகூப்பினார். அபிநயா பயந்து, தானும் எழவேண்டுமா என்பதுபோல என்னைப் பார்த்தது.

“எத்தனை மணிக்குன்னு முடிவாயிருச்சுங்களா?” என்றார் அம்மா.

“ஒன்பதேகால்னு கேட்டிருக்கோம். சேர்மன் மாத்தச் சம்மதிச்சுட்டார்.”

ஒவ்வொரு சொல்லும் உண்மை.

“அப்ப ஏஜெண்டுக்கு வேணாம்னு சொல்லிர்றேன்.”

ஆபீஸில் ஒரிஜினல்களை வாங்கி பீரோவில் வைத்தார்கள். வழக்கம். என் டார்கெட் முடிந்தது.

மே 31, சனி

கூட்டம் ஒன்பது மணிக்கு என்று சுற்றறிக்கை. எல்லாரும் ஒன்பதுக்கே ஆஜர். சே. வரவில்லை. பத்தரை தாண்டி வந்தார்.

“சனிக்கெழம ஒம்பதுல இருந்து பத்தரை ராகு. அதான் வெளியவே கார்ல ஒக்காந்திருந்தேன்” என்றார்.

அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

சே.: “சார் சொன்ன ஒம்பதேகாலை யோசிச்சேன். திங்கக்கெழமைக்கு அருமை. சனிக்கெழமைக்கு?”

“சனிக்கிழமை லீவு விட்டுடலாம் சார்” என்றேன்.

“லீவு விட்டா பசங்க கெட்டுருவான்.”

“சரியா ஒன்பது மணிக்கு வச்சு, கேட்டை மட்டும் ஒன்பதேகால் வரைக்கும்...”

“ஒம்பதுங்கறது திங்கக்கெழம ராகு முடிஞ்சு, சனிக்கெழம ராகு தொடங்குற எடம் சார். ரெண்டு பேரும் கை குலுக்கிக்கிற எடம். அதுல போயி மணி அடிக்கச் சொல்றீங்களே.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், பொறுப்பில்லாதவனைப் பார்ப்பதுபோல.

சனிக்கு மட்டும் வேறு நேரம் வைக்கலாம் என்றேன். தினம் ஒரு நேரம் என்றால் ஒழுக்கம் போய்விடுமாம். பிறகு சே. ஜோசியரின் தீர்ப்பை வாசித்தார்: எல்லா ராகுவுக்கும் முன்னால் போய்விடுவது. மணி ஏழு இருபது.



“சார், அந்தப் பொண்ணு” என்றேன். “பஸ்ஸே எட்டேகாலுக்குத்தான்...”

“எந்தப் பொண்ணு? சேந்துருச்சுல்ல?”

“சேர்ந்துடுச்சு சார்.”

“அப்பறம் என்ன சார்.”

பிரின்சிபால் சே. முன்னால் முதல் முறையாக வாயைத் திறந்தார்: “மதியம் பன்னிரண்டரைக்கே விட்டுடலாம் சார். ஏழைப் பிள்ளைகள் பிற்பகல் வேலைக்குப் போகலாம். இதுவும் அணுகல்தான்.”

சே. மேசையைத் தட்டினார். கைதட்டல். நான் கை தட்டியதாகத்தான் நினைவு. எல்லாரும் தட்டும்போது கை தானாகப் போகிறது.

சுற்றறிக்கைக்குத் தலைப்பு என் முன்மொழிவிலிருந்து: ‘மாணவர் அணுகல் விரிவாக்கம்.’ ஒற்றுப்பிழை திருத்தப்பட்டுவிட்டது. இறுதியில் எனக்கு நன்றி.

ஜூன் 2, திங்கள்

மறுபடி வெயில். புது நேரத்தை ஜெ. நேற்று இரவு போனில் சொல்லியிருக்கிறார். முத்துலெட்சுமி வந்தார். தனியாக. ஒன்பது பத்துக்கு.

சோபாவில் உட்காரவில்லை.

“ஏழே இருவதுக்கு எங்க ஊருல கோழியே கூவி முடிச்சிருக்காது சார்.”

நானும் எழுந்து நின்றேன்.

“அரைமணி நேரம் தள்ளி வைங்கன்னு கேட்டோம். ஒன்றரை மணி நேரம் முன்னாடி வச்சிருக்கீக. கேட்டதுக்கு மேலயே செஞ்சுட்டீக.”

“கேட்டைப் பத்திப் பேசிட்டிருக்கேம்மா. மூணாவது பீரியட்ல இருந்தாவது உள்ள விட...”

“அஞ்சுல ரெண்டு போனா அறுபதுதானாம் சார். பஸ்ல வரையில அவ போன் பண்ணிச் சொன்னா. பரீட்சை எழுத விடமாட்டீங்களாம்ல.”

கணக்கு சரி.

அப்புறம் அந்த அம்மா தன் கையைப் பார்த்துக்கொண்டு, “அவ நேத்திக்கிப் பூரா அந்தப் பொஸ்தகத்துக்கு அட்டை போட்டுக்கிட்டிருந்தா” என்றார். யாரோ கொடுத்த முதல் வருடப் புத்தகமாம். “சர்ட்டிபிகேட்டைக் குடுத்துருங்க சார். வேற எங்கயாச்சும், அடுத்த வருசமாச்சும்.”

ஆபீஸுக்கு அழைத்துப் போனேன். கிளார்க்: “சேர்க்கை ரத்துன்னா சேர்மன் கையெழுத்து வேணும் சார். சாவியும் அவர்ட்டதான்.”

சே. பழனிக்குப் போயிருக்கிறார். புது நேரத்துக்கு வேண்டுதல்.

அம்மா கேட்டார்: “நீங்க சொன்னா எடுத்துத் தரமாட்டாங்களா? பெரிய சார்தான நீங்க?”

பீரோவின் முன் இருவரும் நின்றோம். பச்சை நிறம். கைப்பிடியில் மஞ்சள், குங்குமம்.

“கலர் ஜெராக்ஸ் வேணும்னா...” என்று தொடங்கினேன். முடிக்கவில்லை. அதற்கும் சாவி வேண்டும்.

பஸ் நிறுத்தம் வரை கூடப் போனேன். வேண்டாம் என்றார். போனேன்.

ஜூன் 6, வெள்ளி

சே. திரும்பினார். விபூதிப் பொட்டலம் எல்லாருக்கும். அபிநயாவின் சான்றிதழ் பற்றிக் கேட்டேன்.

“மொத அட்மிஷனையே ரத்து பண்ணா சகுனம் என்னாகும் சார்? பேரு இருக்கட்டும். மெதுவா வரும்.”

கேட்டைப் பற்றிக் கேட்டேன். அதற்கும் ஒழுக்கம்.

திருச்சி நேர்காணல் நேற்று நடந்திருக்கும். ஜெராக்ஸ் இரண்டு செட்டும் என் மேசை இழுப்பறையில்.

விபூதி நல்ல வாசனை.

ஜூன் 16, திங்கள்

ஐந்தரைக்கு எழுந்தேன். டீக்கடை திறக்கவில்லை. கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ்: சே. கைகூப்பியபடி, பின்னால் சூரியன் உதிக்கிறது. ‘கிராமப்புற மாணவர்களுக்காக மாவட்டத்தில் ஓர் அதிகாலைக் கல்லூரி.’

மணி ஏழு இருபதுக்கு அடித்தது. சே. தன் கையால் அடித்தார். முதல் வருடக் கணித வகுப்பில் மூன்று பேர், வருகைப் பதிவேட்டில் நான்கு பெயர். துறைத் தலைவர் நான்காவது பெயரையும் சத்தமாகக் கூப்பிட்டாராம்.

மே மாதச் சம்பளம் வந்துவிட்டது.

இடைவேளையில் ஜெயராணி சொன்னார்: அபிநயா இன்றுதான் முந்திரிக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள். வேன் எட்டரைக்கு வீட்டு வாசலுக்கே வந்தது. ஒரிஜினல் எதுவும் கேட்கவில்லையாம்.